வெந்நீர் ஊற்றின் தாய் கடலா, மழையா?

மராட்டிய மாநிலத்தில் கொங்கணம் என்று ஒரு கடற்கரைச் சீமை உண்டு. மேற்கே அரபிக் கடல். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. நடுவே ஆங்காங்கே வெந்நீர் ஊற்றுகள்! ரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள துரள், ராஜவாடி ஊற்றுகளில் சூடு சுமார் 60 டிகிரி. அடுப்பு இல்லை, விறகு இல்லை. ஆனாலும் தண்ணீர் சுடச் சுட வருகிறது. ஜனங்கள் நீராடி மகிழ்கிறார்கள்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"கடல் பக்கத்தில் இருக்கிறது. கொங்கணத்தில் சில ஊற்றுகள் உப்புக் கரிக்கின்றன. ஆகவே கடல் தண்ணீர்தான்!" என்று சொல்லத் தோன்றும். நாக்கை நம்பி இப்படித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாறையிலிருந்தும் உப்புக் கரைந்து வரலாம் அல்லவா?

உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி உண்டு. தண்ணீரே அந்தச் சாட்சி!

தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன. ஹைட்ரஜன் அணுக்களில் லேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. ஆக்சிஜனும் அப்படியே. இந்த வகைகளுக்கு 'ஐசோடோப்' என்று பெயர். கடல் நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று கனமானது. வெயிலில் கடல் நீர் ஆவியாகும்போது லேசான நீர் முந்திக் கொள்கிறது. கனமான நீர் பின்தங்குகிறது. ஆகவே மழை நீரில் கனமான அணுக்கள் குறைவு. மழையின் இந்த அடையாளத்தை 1961-ல் ஹார்மன் கிரெய்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி கணக்காக வகுத்துக் கொடுத்தார்.

துரள், ராஜவாடி ஊற்று நீரை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். அடையாளம் மழையோடு பொருந்தியது! மழை நீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது.

இன்னொரு செய்தி. மழையில் 'டிரிட்டியம்' என்ற வகை ஹைட்ரஜனும் உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும். இந்த ஊற்றுகளில் அது மிகக் குறைவு. ஆகவே இது நேற்றுப் பெய்த மழை அல்ல, பழைய மழை.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். கடல் வற்றாது. ஆனால் பழைய மழை, பாட்டன் சேர்த்து வைத்த பணம் போன்றது. பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு அளவில்லாமல் உறிஞ்சினால் ஊற்று வற்றிப் போகலாம். அதை ஒரு மழைக்காலம் திருப்பித் தந்துவிடாது.

எனவே, எந்த வெந்நீர் ஊற்றின் அருகிலும் தோண்டுமுன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். மழை இறங்கும் நிலத்தையும் காக்க வேண்டும். ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடித்தால் மட்டும் போதாது!