கொடைக்கானல் மண்ணுக்கு எந்த அளவுகோல்?

ஒரு தொழிற்சாலையை மூடுவதற்கு ஒரு நாள் போதும். அது நிலத்தில் விட்டுச்சென்ற நஞ்சை அகற்றப் பல ஆண்டுகள் போதாமற் போகலாம். தமிழகத்தின் கொடைக்கானல் மலையில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை இதற்குச் சான்றாக நிற்கின்றது.

அந்த ஆலை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது யூனிலிவர் குழுமத்தின் வசமாயிற்று. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் அம்பலப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 தொன் கழிவு கப்பலேற்றப்பட்டு, மறுசுழற்சிக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டது.

கண்ணாடி போயிற்று, மண் போகவில்லை. பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். ஆலைக்குள் அதனைச் சுவாசிப்போரின் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் அது தாக்கும். வெளியேறும் ஆவி மண்ணிலும் மரப்பாசியிலும் படியும். மழைநீருடன் நீர்நிலைகளைச் சேர்ந்தால், நுண்ணுயிர்கள் அதனை மேலும் கொடிய நஞ்சாக மாற்ற, மீன் வழியாக அது மனிதரை வந்தடையும். யப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட துயரமும் பாதரச நஞ்சு மீன் வழியாக மனிதரை அடைந்ததால் நேர்ந்ததே. கொடைக்கானல் ஆலையோ பாம்பாற்றுச் சோலைக்காட்டின் விளிம்பில், சரிவான நிலத்தில் அமைந்தது.

மண்ணைத் தோண்டி, கழுவி, சூளையிலிட்டுச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் முறை உண்டு. ஆகவே வழி தெரியாமல் இப்பணி தாமதிக்கவில்லை. எந்த அளவு வரை சுத்தம் செய்வது என்பதே பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த சர்ச்சை. முதலில் நெதர்லாந்தின் அளவையொட்டி, ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராம் என்று பேசப்பட்டது. பின்னர் 20 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்கலாம் என்று தளர்த்தப்பட்டது. பிரித்தானியாவில் குடியிருப்பு நிலத்திலுள்ள தனிமப் பாதரசத்துக்கு வகுக்கப்பட்ட 1 மில்லிகிராம் என்ற வழிகாட்டு அளவைச் சுட்டிக்காட்டிச் சூழலியலாளர் இதனை எதிர்த்தனர்.

மிக ஆழமாகத் தோண்டினால் மரங்கள் அழியும், சரிவு அரிக்கப்படும் என்ற மறுவாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆனால் யூனிலிவரின் தலைமையகங்கள் அந்நாட்களில் இலண்டனிலும் ரொட்டர்டாமிலும் இருந்தன. அவ்விரு நகரங்களிலும் நம்மவர் வாழ்கின்றனர். அங்கு நம் பிள்ளைகள் விளையாடும் மண்ணுக்கு ஓர் அளவும், கொடைக்கானல் பிள்ளைகளின் மண்ணுக்கு வேறோர் அளவும் ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தொழிலாளரின் கதையும் இத்தகையதே. தமது நோய்களுக்கு ஆலையே காரணம் என்று அவர்கள் முறையிட்டனர். நிறுவனம் அதனை மறுத்தது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளருக்கு உதவித்தொகை வழங்க உடன்பாடு கண்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வந்தது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த அவலத்தை அறிந்த நமக்கு இது அந்நியக் கதையன்று. நீரும் நிலமும் கெட்ட பின்னர் நீதிமன்றப் படியேறுவோர் எப்போதும் ஏழை மக்களே. புதிய ஆலைகளை வரவேற்கும் அரசுகள், அவற்றை மூடும் நாளில் நிலத்தை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்துவது, அதற்கான பணத்தை யார் வைப்பிலிடுவது என்பவற்றை அனுமதி வழங்கும் நாளிலேயே எழுதி வாங்கவேண்டும். பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியை 2020உடன் நிறுத்துமாறு மினமாட்டா உடன்படிக்கை விதித்தது. அந்தப் பொருளின் காலம் முடிந்தது. அது படிந்த மண்ணுக்கான பொறுப்பு அதனுடன் முடிந்துவிடவில்லை.