ஆடுகளத்தில் மூன்றாமவர்

உசிலம்பட்டியைச் சூழ்ந்த ஊர்களில் சடுகுடுப் பந்தயம் கண்டோர் இக்காட்சியை அறிவர். பாடிச் சென்ற இளைஞன் முழங்கால் திருகி வீழ்கிறான். ஒருவர் காலைப் பற்றி இழுக்கிறார். ஒருவர் ஐஸ் தேடி ஓடுகிறார். வேறொருவர் புத்தூர்க் கட்டே சிறந்ததென்கிறார். சற்று நேரத்தில் அவ்விளைஞன் நொண்டிக்கொண்டே மீண்டும் களம் புகுகிறான். கரகோஷம் எழுகிறது. நம் ஊரார் சவ்வு என்னும் குறுக்குத் தசைநார் அறுந்திருக்குமாயின், அக்கரகோஷத்தின் விலை அவனது முழங்காலேயாகும்.

ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஆடக் கற்பிப்போர் அக்காலந்தொட்டே நம்மிடையே உருவாகி வருகின்றனர். ஆடுவோரின் தேகத்தைக் காப்போர் எங்கே? அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் 1950-இல் தோன்றிற்று. 1990-இல் அந்நாட்டு வைத்திய சங்கம் இதனை வைத்தியம் சார்ந்த தொழிலாக ஒப்புக்கொண்டது. நம் தேசத்தில் இயன்முறை வைத்தியம் முதலியவற்றை ஒழுங்குபடுத்த 2021-இல் சட்டம் பிறந்தது. எனினும் இயன்முறை வைத்தியரை நம் ஆட்டக்காரர் காண்பது பெரும்பாலும் அடிபட்டு நாட்கள் பல சென்ற பின்னரே.

பயிற்சியாளர் வெற்றியை நாடுபவர். ஆட்டக்காரனோ, குழுவில் தன் இடம் பறிபோகுமென அஞ்சி வலியை மறைப்பவன். இவ்விருவரிடமும் தீர்ப்பை விடுவது முறையன்று. தலையில் அடிபட்டு மயங்கியவனை அன்றைய ஆட்டத்திற்கு மீண்டும் அனுப்பலாகாது என்று கூற, வெற்றி தோல்வியில் பங்கில்லாத மூன்றாமவர் ஒருவர் வேண்டும். கடும் வெயிலில் ஓடி, உடல் கொதித்து, மதி கலங்கி வீழ்ந்தவனை நாம் அவசர அவசரமாக வண்டியிலேற்றுகிறோம். தலையை நீர்மேல் தாங்கி, பனிக்கட்டி நீரில் உடலை அமிழ்த்திச் சூட்டைத் தணித்த பின்னரே கொண்டுசெல்லல் வேண்டும் என்பது அத்தொழிலறிந்தோர் விதி. பங்குனி வெயிலில் பந்தயம் நடத்தும் நம்மில் எத்தனை பேர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஆயத்தம் செய்கிறோம்?

ஏழை ஊருக்கு இஃது ஆடம்பரம் என்பர் சிலர். மதுரையையடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி வெறுங்காலுடன் ஓடத் தொடங்கி, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். ரயில்வேயில் உத்தியோகமும் பெற்றார். அத்தகையோருக்குக் கால்களே முதல். செல்வர் வீட்டுப் பிள்ளை முழங்கால் பழுதுற்றால் வேறு வழி காண்பான். இவர்களுக்கு அந்த உத்தியோகமும் போயிற்று.

பேழையில் கோப்பைகளுக்கு இனி இடமில்லை. அச்செலவிற் சிறிது ஒதுக்கி, இத்துறையிற் பயின்ற ஒருவரை நம் கல்லூரி அமர்த்தட்டும். அவர் வாரத்தில் இருநாள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் செல்லட்டும். அவர் நிறுத்தென்றால் பயிற்சியாளரும் மறுக்கலாகாது என்பதை அவரை அமர்த்தும் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.