அப்பத்தாவின் கண்டாங்கி

சென்ற ஆவணித் திங்களில், காரைக்குடியை அடுத்த பங்கு ஒன்றில் நடைபெற்ற திருமணத்திற்குச் சென்றிருந்தோம். திருப்பலி முடிந்து, உற்றார் உறவினர் கோயில் வளாகத்து வேப்பமர நிழலில் கூடி நின்றனர். பட்டும் சரிகையும் பளபளத்த அக்கூட்டத்தில் ஓர் இளம்பெண் மட்டும், அரக்கு நிறத்தில் பெரிய கட்டங்கள் போட்ட பருத்திச் சேலை உடுத்தியிருந்தாள். அவள் சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுபவள்.

அவளைக் கண்ட அப்பத்தா முகஞ்சுளித்தார். "என்ன ஆத்தா, கல்யாணத்துக்கு வர்றவ இதையா கட்டிக்கிட்டு வருவே? நாங்க நாத்து நடப் போகையிலே கட்டுனதாச்சே!"

பேத்தி சிரித்தாள். "அப்பத்தா, இப்போ பட்டணத்துல இதுக்குத்தான் மவுசு. என்ன விலைன்னு தெரியுமா?" என்று காதோடு ஏதோ சொன்னாள். கிழவியார் வாயைப் பொத்திக்கொண்டார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அம்புட்டுப் பணத்துல, நெஞ்சவனுக்கு எம்புட்டு ஆத்தா போகும்?"

பேத்தியிடம் விடையில்லை. அருகில் நின்ற நம்மிடமும் இல்லை. திருமண விருந்து முடிந்து வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி நம்மை விடவில்லை. ஆகவே இத்திங்கள் அதைப்பற்றியே வாசகர்களோடு பேச எண்ணினோம்.

உழைப்பவர் உடை நாகரிக உடையாக மாறுவது நம் நாட்டிற்கு மட்டும் உரிய செய்தியன்று. பிரான்சு நாட்டின் மேற்குக் கடலோரமான பிரித்தானியில் மீனவரும் மாலுமிகளும் விளிம்பில்லாத ஒரு சிறு தொப்பியை அணிந்தனர். தலையோடு ஒட்டி, ஓரம் மடித்துவிடப்பட்டிருக்கும். விளிம்பு இருந்தால் கடற்காற்று அதனைப் பற்றி இழுக்கும். கயிறும் வலையும் இழுப்பவனுக்கு இடையூறாகும். தேவையில் பிறந்த அந்தத் தொப்பியை இன்று கடலையே காணாத நகரத்து இளைஞர்கள் அன்றாடம் அணிந்து திரிகின்றனர். அந்நாட்டுக் கடற்படையினருக்கென 1858-இல் விதிக்கப்பட்ட கோடு போட்ட சட்டையும் அவ்வாறே உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் 1873-இல் செப்பு ஆணி அடித்துக் காப்புரிமை பெற்ற தொழிலாளர் காற்சட்டைதான், நம் பிள்ளைகள் அணியும் 'ஜீன்ஸ்'.

செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கதையும் ஏறத்தாழ இதுவே. கட்டம் போட்ட சேலை என்பதே அச்சொல்லுக்கு வழங்கும் பொருள். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகியவை அதன் பழைய நிறங்கள். கட்டங்களும் கோடுகளும் உடலெங்கும் ஓட, இருபுறமும் அகன்ற கரை அமைந்திருக்கும். நூல் தடிப்பானது. வெயிலும் புழுதியும் மிகுந்த இவ்வறண்ட நிலத்தில், அடித்துத் துவைத்தாலும் கிழியாத துணியே வேண்டியிருந்தது. சேலையின் அகலம் சற்றுக் குறைவு. பின்கொசுவம் வைத்துக் கட்டினால் கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். வேலை செய்பவளின் காலை அது தடுக்காது. மாளிகை போன்ற வீடுகளில் வாழ்ந்த ஆச்சிமாரும் அதை உடுத்தினர். வயலில் குனிந்த பெண்களும் உடுத்தினர்.

அதனை நெய்து தந்தவர்கள் காரைக்குடியில் வாழும் தேவாங்கர் குலத்து நெசவாளர்கள். நூலுக்குச் சாயமேற்றி, தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட்டு, இழை அறாமல் துலக்கி, அச்சில் பிணைத்துத் தறியேற்ற வேண்டும். வீட்டுப் பெண்கள் இராட்டையில் ஊடை நூலைத் தாரில் சுற்றித் தர வேண்டும். அதன் பின்னரே நாடா ஓடும். கட்டத்தின் நிறம் மாறும் இடந்தோறும் நாடாவை மாற்ற வேண்டும். ஓரிழை கூடினாலும் குறைந்தாலும் கட்டம் கோணும். தறியில் அமர்ந்தவர் ஒருவர். ஆனால் உழைத்தது ஒரு குடும்பம்.

காலம் மாறிற்று. 1942-இல் சப்பானியர் பர்மாவினுள் புகுந்தபோது நகரத்தார் பலரின் வாணிகம் அங்கே சிதைந்தது. பெரிய வீடுகள் பூட்டப்பட்டன. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. பின்னர் ஆலைத் துணி மலிந்தது. நைலக்சும் பாலியெஸ்டரும் வந்தபோது, கசங்காத, கஞ்சி வேண்டாத, விரைவில் உலரும் சேலையை நம் பெண்கள் விரும்பியதில் வியப்பில்லை. வேலைக்கும் வீட்டிற்கும் இடையே ஓடும் தாய்க்கு அது உதவியாகவே இருந்தது. கண்டாங்கி 'கிழவிகள் சேலை' ஆயிற்று.

அது முற்றிலும் மறையாமல் காத்தவர்களுள் விசாலாட்சி இராமசாமி அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 2000-ஆம் ஆண்டில் அவர் நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை, பனையோலைக் கொட்டான் முடைவதை மீண்டும் தழைக்கச் செய்ததோடு, பழைய கண்டாங்கிகளின் கட்டங்களையும் கரைகளையும் ஆராய்ந்து, அவற்றை மீண்டும் நெய்யச் செய்தது. சேலையின் அகலம் இக்காலத்திற்கேற்பக் கூட்டப்பட்டது; நூலும் மென்மையாயிற்று. ஆசிரியைகளும் அலுவலகம் செல்லும் பெண்களும் நாள்தோறும் உடுத்தத் தொடங்கினர். 2019 ஆகஸ்டில் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வேளையில் அச்சிறப்பைப் பெற்ற மற்றொன்று திண்டுக்கல் பூட்டு.

இனி அப்பத்தாவின் கேள்விக்கு வருவோம்.

புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். வேறெங்கோ நெய்த துணியைக் 'காரைக்குடிக் கண்டாங்கி' என்று விற்பதை அது தடுக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நெசவாளியின் கூலி இவ்வளவு என்று அது வரையறுப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்திடமோ தனி முதலாளியிடமோ நூலைப் பெற்று நெய்பவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்றே கூலி. கடையில் விலை ஏறுவதால் மட்டும் தறியில் கூலி ஏறிவிடாது. தார் சுற்றிய மனைவிக்கும் பாவு பிடித்த மகளுக்கும் தனிக்கூலி பெரும்பாலும் இல்லை.

நாடு முழுவதும் எடுக்கப்பட்ட 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, கைத்தறித் தொழிலில் ஈடுபட்டிருந்தோர் ஏறத்தாழ 35 இலட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. வாசகர்கள் இந்த எண்ணைச் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். வீட்டு வாடகை, அரிசி, பிள்ளையின் பள்ளிச் செலவு, மருந்து இவையனைத்தும் அந்த ஐயாயிரத்திற்குள்! நெசவாளி தன் மகனைத் தறியில் உட்கார வேண்டாம் என்கிறார் என்றால், அவர் மரபை மறந்தவர் என்று நாம் எவ்வாறு கூற இயலும்? பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணும் தந்தை வேறென்ன சொல்வார்?

இதனிடையே விசைத்தறியில் ஓடிய கட்டச் சேலைகளும், மேலே அச்சடித்த போலிகளும் அதே பெயரில் மலிவாக விற்கப்படுகின்றன. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இலேயே வந்தது. ஆயினும் வாங்குபவர் கேளாத வரையில் சட்டம் தானாகக் கடையேறி வருவதில்லை.

நமது மறைமாநில மண்ணில், ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் குருதி சிந்திய புனித அருளானந்தர், போர்ச்சுக்கல் நாட்டு உயர்குடியில் பிறந்தவர். எனினும் இந்நாட்டுத் துறவியரின் காவியையே அவர் உடுத்தினார். அது அழகுக்காக அணிந்த உடையன்று. இம்மக்களுள் ஒருவராய் வாழ்வதற்காக அணிந்தது. பிறர் உடையை நாம் எடுத்து உடுத்தும்போது, அவருடைய வாழ்வையும் சிறிதேனும் அறிந்துகொள்ளக் கடமைப்படுகிறோம். மீனவனின் தொப்பியாயினும் நடவுக்காரியின் சேலையாயினும் இது பொருந்தும்.

ஆகவே நம் குடும்பத் தலைவியர் செய்யக்கூடியவை சில உண்டு. சேலை வாங்கும்போது புவிசார் குறியீடும், 2006-இல் ஏற்படுத்தப்பட்ட கைத்தறி முத்திரையும் உள்ளனவா எனப் பாருங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலிலேயே சாயமேற்றி நெய்த கட்டம் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும், அச்சடித்தது பின்புறம் வெளிறியிருக்கும். காரைக்குடிப் பக்கம் செல்வோர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே வாங்கலாம். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் சில சேலைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை இணைத்து விற்றதை வாசகர்கள் சிலர் கண்டிருக்கலாம். பெயர் தெரிந்தபின் பேரம் பேச நாக்கு கூசும்!

வாங்கிய சேலையை முதன்முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கண்டாங்கி துவைக்கத் துவைக்க மென்மையுறும். பல ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு ஆறு சேலை வாங்கும் வீட்டில் இரண்டு நல்ல சேலை போதுமாயின், விலை மிகுதி என்ற குறையும் பெரிதாய்த் தோன்றாது.

திருமணத்தன்று விடைபெறும்போது, அந்த அப்பத்தா பேத்தியின் முந்தானையைக் கையில் எடுத்து, கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோணாம நெஞ்சிருக்கான்" என்றார். அதைவிட உயர்ந்த பாராட்டை அவர் அறியார். அடுத்த முறை கடையில் சேலையை விரிக்கும்போது, விலையைக் கேட்டபின் நாமும் அவருடைய கேள்வியை ஒருமுறை கேட்போம். கடைக்காரர் முதல்முறை விழிப்பார். பத்துப்பேர் கேட்டால், விடை தேடி வைத்திருப்பார்.