அந்தச் சட்டைக்குள்ள ஆர்?

போன மாசம் கன்ரீனுக்குப் பின்னால இருக்கிற வேப்பமரத்தடியில நாங்கள் நாலு பேரும் ஒரு போனுக்கு முன்னால நெருக்கிக்கொண்டு இருந்தோம். எங்களில ஒருத்தியின்ர சித்தப்பா ஸ்காபுரோவில இருந்து வீடியோ கோல் எடுத்திருந்தார். புது வீடு வாங்கியிருக்கினம். அடுப்படி, கராஜ், பனி மூடின முற்றம் எல்லாம் காட்டிக்கொண்டு வந்தவர், ஹோலில ஒரு படத்துக்கு முன்னால நிண்டார். கறுத்த பிரேம். கண்ணாடிக்கு உள்ள வெள்ளைத் தாள். அதில நீர்வர்ணத்தில வரைஞ்ச ஒரு பச்சைச் சட்டை. நீட்டுக் கை. கீழ 1922 என்று ஒரு ஆண்டு. அவ்வளவுதான்.

"பாகிஸ்தான் ரீமோ?" என்று எங்களில ஒருத்தன் கேட்டான்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. "ரொறன்ரோவடா! ஐஸ் ஹொக்கி. வேலையில எங்கட பெரியவர் ஓய்வு பெற்றுப் போகேக்க எனக்குத் தந்திட்டுப் போனவர். அச்சடிச்சது இல்லை, கையால வரைஞ்ச ஒரிஜினல்."

ரொறன்ரோ என்றால் நீலம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். கனடாவில இருந்து வாற பெட்டிகளில நீல இலை போட்ட தொப்பியும் ரீசேர்ட்டும் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். பச்சை எங்க இருந்து வந்தது? அந்தக் கேள்வியில தொடங்கி மூன்று கிழமையாக இதையே கதைச்சோம், தேடினோம், சண்டையும் பிடிச்சோம். இந்தக் கட்டுரை அந்தச் சண்டையின் முடிவு.

முதலில் பச்சைக்குப் பதில். 1919 இல் ரொறன்ரோ அணிக்கு 'சென்ற் பற்றிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நகரத்தில் இருந்த ஐரிஷ் மக்களைக் கவர்வதற்காக வைத்த பெயர். அதனால்தான் பச்சை. அந்த அணி 1922 இல் ஸ்ரான்லி கிண்ணத்தையும் வென்றது. 1927 இல் கொன் ஸ்மைத்தும் அவரோடு சேர்ந்தவர்களும் அணியை வாங்கி 'மேப்பிள் லீவ்ஸ்' என்று பெயரை மாற்றினார்கள். பிறகு நீலமும் வெள்ளையும் வந்தது. ஆக, குடியேறி வந்த ஒரு சமூகத்தின் பெயரையும் நிறத்தையும் ஒரு காலத்தில் சுமந்த அணி அது. சித்தப்பாவுக்கே இது தெரியாது. அவருடைய சுவரில் தொங்குகிறது, அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் எங்களுக்கு முதல் சந்தேகம் வந்தது.

இப்படியான படங்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் தனி ஒரு வகையாகவே இருக்கின்றன. முகம் இல்லை, கை கால் இல்லை. பழைய அணியின் சட்டை மட்டும், கொடியில் காயப்போட்ட மாதிரி விரிந்து நிற்கும். கீழே ஆண்டு. இதைப் பார்த்து "சட்டையை வரைஞ்சு சுவரில மாட்டுறதும் ஒரு கலையோ?" என்று நக்கல் அடிப்பது சுலபம். நாங்களும் முதல் நாள் அடித்தோம். பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டோம்.

ஏனென்றால் இந்தப் படங்கள் செய்கிற வேலை சின்ன வேலை இல்லை. பழைய ஹொக்கிச் சட்டைகள் கம்பளியில் பின்னியவை. குளிரில், திறந்த வெளிப் பனித்தளங்களில் ஆடியவர்களுக்கு அது தேவைப்பட்டது. அங்கே வயதானவர்கள் இன்றைக்கும் அதை 'ஜேர்சி' என்று சொல்லாமல் 'சுவெற்றர்' என்றே சொல்வார்கள். கம்பளி தொய்யும், முழங்கையில் மடியும், கிழிந்த இடத்தில் தைத்த தடம் தெரியும். இதற்கு நீர்வர்ணம் நன்றாகப் பொருந்துகிறது. ஈரமான வர்ணம் காயும்போது ஓரத்தில் தேங்கி நிற்கிற கருமைதான் மடிப்பு. தாளைச் சும்மா விட்ட இடம்தான் வெள்ளைப் பட்டி. எண்ணெய் வர்ணம் மாதிரி பிழையை மூடி மேலே பூச முடியாது. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்குத் தாள் கிழியக் கிழியத் தேய்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இன்னொன்று, நிறம். அந்தக் காலத்துப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. 1912–13 பருவத்தில் மொன்றியல் கனேடியன்ஸ் அணி சிவப்பு, வெள்ளை, நீலம் என்று குறுக்குப் பட்டிகள் போட்ட சட்டை அணிந்தது. ஒட்டாவா அணியின் பட்டிகள் கறுப்பு, சிவப்பு, வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டையும் பார்த்தால் ஒரே குழப்பம். ஓவியர்தான் நிறத்தைத் தேடிப் பிடித்துத் திருப்பித் தருகிறார். அதுவும் ஒரு வரலாற்று வேலைதான். இதை நாங்கள் முழுதாக மதிக்கிறோம்.

எங்கட பிரச்சினை வேறு. சட்டை இருக்கிறது, சரி. அதைப் போட்டவர் எங்கே?

எங்களுக்குள் ஒருத்தி இதை மறுத்தாள். "வெறுஞ்சட்டையாக இருக்கிறதுதான் அழகு. ஆரும் தன்னை அதுக்குள்ள வைச்சுப் பார்க்கலாம். சித்தப்பாவும் பார்க்கலாம்" என்றாள். நல்ல வாதம். இரண்டு நாள் நாங்கள் வாயடைத்துப் போனோம். பிறகு றொக் கரியே எழுதிய ஒரு சிறுகதை கையில் கிடைத்தது. 1979 இல் வந்தது. கியூபெக் கிராமம் ஒன்றில் எல்லாப் பெடியளும் மொறிஸ் றிஷாரின் 9 ஆம் இலக்கச் சிவப்புச் சட்டையோடு ஆடுகிறார்கள். ஒரு பெடியனுக்கு மட்டும், தபாலில் பிழையாக ரொறன்ரோவின் நீலச் சட்டை வந்துவிடுகிறது. தாய் திருப்பி அனுப்ப மாட்டேன் என்கிறார். அந்தச் சட்டையோடு போனவனுக்கு ஆட இடம் கிடைக்கவில்லை. கனடாவில் இந்தக் கதை எவ்வளவு பிரபலம் என்றால், 2002 இல் வெளியான ஐந்து டொலர்த் தாளில் இதன் ஒரு பகுதியை அச்சடித்தார்கள்.

அந்தக் கதை எங்களுக்குச் சொன்னது இதுதான்: சட்டை ஒருபோதும் வெறுஞ்சட்டை இல்லை. அது சிலரை உள்ளே எடுக்கும், சிலரை வெளியே விடும். "ஆரும் தன்னை வைச்சுப் பார்க்கலாம்" என்பது, உள்ளே விடப்பட்டவர்களுக்குச் சுலபமாக வருகிற வசனம்.

இரண்டு சட்டைகளைச் சொல்கிறோம். ஒன்று நியூயோர்க் றேஞ்சர்ஸ், 1948. அதைப் போட்டவர்களில் ஒருவர் லறி குவோங். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த சீன வம்சாவளியினர். சீனக் கனேடியர்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1947 இல்தான். அடுத்த வருடம் மார்ச் 13 ஆம் திகதி மொன்றியலில் நடந்த ஆட்டத்தில் அவரைக் களத்தில் இறக்கினார்கள். கடைசிப் பகுதியில், ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த லீக்கில் அவர் ஆடியது அவ்வளவும்தான்.

மற்றது சிக்காகோ பிளாக் ஹோக்ஸ், 1953–54. நெஞ்சில் ஒரு பூர்வகுடி மனிதனின் தலையைச் சின்னமாகப் போட்ட சட்டை. விற்பனையில் முன்னுக்கு நிற்கிற அழகான சின்னம் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பருவத்தில் பிரெட் சாசகமூஸ் என்ற கிறீ இளைஞர் அதைப் போட்டு 11 ஆட்டங்கள் ஆடினார். சிறுவயதில் வீட்டிலிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். அடியும் கொடுமையும் அனுபவித்த அதே இடத்தில்தான் ஹொக்கியும் பழகினார். அந்தப் பாடசாலைகளுக்காகக் கனேடிய அரசு 2008 இல் மன்னிப்புக் கேட்டது. 2020 இல் கொரோனாவில் அவர் இறந்துபோனார்.

இப்ப யோசித்துப் பாருங்கள். சிக்காகோச் சட்டையை அழகாக வரைந்து 1954 என்று எழுதி மாட்டினால், சின்னத்தில் இருக்கிற கற்பனை முகம் சுவருக்கு வந்துவிடுகிறது. உண்மையாக அதைப் போட்ட பூர்வகுடி மனிதன் வெளியிலேயே நிற்கிறார். ஓவியர் வேண்டுமென்று செய்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் முடிகிறது.

பெயர் என்பது சின்ன விசயம் இல்லை என்பதற்கு ரொறன்ரோவிலேயே ஒரு பகிடிக் கதை இருக்கு. 1977–78 பருவத்தில் எல்லா அணியும் சட்டையின் முதுகில் வீரரின் பெயர் போட வேண்டும் என்று லீக் சொன்னது. மேப்பிள் லீவ்ஸ் உரிமையாளர் ஹறல்ட் பலார்ட் மறுத்தார். பெயர் தெரிந்தால் மைதானத்தில் விற்கிற ஆட்ட விபரப் புத்தகத்தை ஆர் வாங்குவார்கள் என்பது அவருடைய கவலை. லீக் நெருக்கியதும், நீலச் சட்டையில் அதே நீலத்தில் எழுத்துப் போட்டு அணியை இறக்கினார். பெயர் இருந்தது, வாசிக்க முடியவில்லை.

நாங்கள் கேட்பது ஓவியத்தை மாற்றச் சொல்லி இல்லை. சட்டை தனியாகவே நிற்கட்டும், அது அழகுதான். ஆண்டுக்குக் கீழே ஒரு வரி இடம் இருக்கு. அதில் இதைப் போட்ட ஒருவரின் பெயர் வரட்டும். கிண்ணம் தூக்கியவரின் பெயராகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு நிமிடம் ஆடியவராகவும் இருக்கலாம். "பிரேமைப் பெயர்களால நிரப்பினால் அது ஓவியம் இல்லை, பெயர்ப் பலகை" என்று மறுத்தவள் இப்பவும் சொல்கிறாள். அவளுக்காக ஒரு விட்டுக்கொடுப்பு: முன்னுக்கு இடம் இல்லையென்றால் பின்னுக்கு எழுதுங்கள்.

இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு தகுதி இருக்கு என்று நினைக்கிறோம். எங்கட ஊர்களில் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு அடிக்கிற ஜேர்சியைப் பாருங்கோ. இறந்துபோன ஒருவரின் பெயர் நெஞ்சிலேயே இருக்கும், சிலதில் படமும் இருக்கும். கலை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த வருடம் அது மோட்டார்சைக்கிள் துடைக்கிற துணி. அவர்கள் சட்டையைக் காப்பாற்றிப் பெயரை விட்டார்கள். நாங்கள் பெயரைப் போட்டுச் சட்டையை விட்டோம். இரண்டு பக்கமும் பாதி வேலைதான் நடந்திருக்கு.

போன ஞாயிறு சித்தப்பாவுக்குத் திரும்பக் கோல் எடுத்து, பச்சையின் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு படத்தைக் கழற்றி, பின்பக்கத்தைக் காட்டினார். மண்ணிற மட்டை, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "ஆற்ற பெயரை எழுத?" என்று கேட்டார்.

1922 இல் ஆடியவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம். அதோடு இதைத் தந்திட்டுப் போன பெரியவரின் பெயரையும் ஒரு மூலையில் எழுதச் சொன்னோம். அதுக்கு மட்டும் உடனே ஓம் என்றார்.