பெட்டிக்குள் வரும் கடை

2025 ஆகஸ்ட் 29 இல், 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு வழங்கிவந்த சுங்க விலக்கை அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதற்குச் சில நாட்கள் முன்னரே இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொதிகளை ஏற்பதை இடைநிறுத்தி, ஒக்டோபர் நடுப்பகுதியில்தான் மீண்டும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றிய நிதியமைச்சர்கள், 150 யூரோவுக்குக் குறைந்த பொதிகளில் உள்ள ஒவ்வொரு பொருள் வகைக்கும் 2026 யூலை 1 முதல் 3 யூரோ அறவிட டிசம்பரில் இணங்கினர். பிரித்தானியாவும் 135 பவுண்டுக்கு உட்பட்ட பொருட்களுக்கான சுங்க விலக்கை 2029 மார்ச்சுக்குள் நீக்கப்போவதாக நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது.

சீனாவிலிருந்து தெமு, ஷீன் வழியாக வந்து குவியும் மலிவுப் பொதிகளை மனதில் வைத்து எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. ஆனால் அடி விழப்போகும் இடங்களில் நமது வீடுகளின் வரவேற்பறைகளும் உண்டு.

வெள்ளி, சனி இரவுகளில் முகநூலைத் திறந்தால் எவருக்கும் தெரியும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு வீட்டின் சோபாவில் சாறிகள் அடுக்கியிருக்கும். "21 ஆம் நம்பர், மயில்கழுத்துப் பச்சை, ஒண்டுதான் இருக்கு அக்காமார்" என்று ஒரு தங்கச்சி முந்தானையை விரித்துக் காட்டுவார். கீழே மூன்று பேர் ஒரே நேரத்தில் "எனக்கு" என்று எழுதுவார்கள். பிறகு வட்ஸ்அப்பில் விலாசமும், வங்கிக் கணக்கு இலக்கமும், சிரித்த முகம் ஒன்றும். இளம்பிள்ளை, காஞ்சிபுரம், சூரத் என்று நெய்யும் ஊர்களின் மொத்த வியாபாரிகள் நடத்தும் வட்ஸ்அப் குழுக்களில் காலையில் வரும் படம், மாலையில் இங்கே விலை போட்டு நிற்கும்.

இதை நடத்துபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு மூன்று மணிக்குத் திரும்ப எடுக்க வேண்டியவர்கள். ஊரில் படித்த படிப்புக்கு இங்கே வேலை கிடைக்காதவர்கள். கடை வாடகை இல்லாமல், மொழித் தயக்கம் இல்லாமல், சொந்தக் காலில் நிற்க அவர்களுக்குக் கிடைத்த வழி இது. ஆகவே இதைக் கள்ளக் கடத்தல் போலப் பேசுவது அநியாயம். ஆனால் சட்டம் இதை நட்பாகப் பார்ப்பதில்லை. வியாபாரமாகவே பார்க்கிறது.

சிக்கல் பெரும்பாலும் விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. அஞ்சலில் வரி ஏற ஏற, சரக்கு பயணப்பெட்டிக்கு மாறும். பாடசாலை விடுமுறைக்குச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் குடும்பத்திடம் "பெட்டியிலை இடம் இருக்கோ?" என்று கேட்பது நமக்குப் பழகிய கேள்வி. முன்பு அது அம்மா இடித்த மிளகாய்த்தூளுக்காகக் கேட்கப்பட்டது. இப்போது பதினைந்து சாறிக்காகக் கேட்கப்படுகிறது.

பிரித்தானியாவுக்கு வரும் ஒருவர் 390 பவுண்ட் வரை பெறுமதியான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம். கனடாவில் வசிப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் 800 கனேடிய டொலர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விமானத்தில் வந்தால் 430 யூரோ, தரைவழியானால் 300. சுவிஸ் 2025 சனவரி 1 முதல் தனது எல்லையை 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டது. எல்லைக்கு அப்பால் ஜெர்மனிக்குப் போய்ச் சாமான் வாங்கும் நமது சுவிஸ் குடும்பங்களுக்கு இது உடனே உறைத்த மாற்றம்.

இந்தத் தொகைகளை நம்மில் பலர் தெரிந்து வைத்திருக்கிறோம். தெரியாமலிருப்பது வேறு இரண்டு விடயங்கள். முதலாவது, இந்தச் சலுகை சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் மட்டுமே. விற்பதற்கென்று கொண்டுவரும் முதல் சாறிக்கே சலுகை இல்லை. 200 பவுண்ட் பெறுமதிதானே என்பது பதிலாகாது. அப்படிக் கொண்டுவரலாம், ஆனால் வணிகப் பொருள் என்று அறிவிக்க வேண்டும். சிறு அளவென்றால் பிரித்தானியாவில் பயணத்துக்கு முன்பே இணையத்தில் அதைச் செய்யமுடியும். இரண்டாவது, குடும்பத்தில் நான்கு பேர் வருகிறோம் என்பதற்காக நான்கு சலுகைகளையும் கூட்டி ஒரு கூறைச்சேலைக்குப் பயன்படுத்த முடியாது. 600 பவுண்ட் கூறைக்கு, 390 க்கு மேற்பட்ட பகுதிக்கு அல்ல, முழுத் தொகைக்கும் வரி. பிறத்தியாரின் பொதியைக் காவி வருபவர்தான் சுங்க அதிகாரியின் முன்னால் நிற்பார். அனுப்பச் சொன்னவர் வீட்டில் இருப்பார்.

வாங்குபவரின் நிலையும் பலவீனமானது. பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" என்ற பிரிவில் பணம் அனுப்பச் சொல்வது இந்த வியாபாரத்தில் வழமை. கட்டணம் மிச்சம்தான். ஆனால் அப்படி அனுப்பிய பணத்துக்குக் கொள்வனவுப் பாதுகாப்பு கிடையாது. "எடுத்த சாறி திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று நேரலையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், வியாபாரமாக விற்பவர் வீட்டிலிருந்து விற்றாலும், இணையத்தில் வாங்கியவருக்குப் பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே மறுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை விற்பவர் முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால் காலக்கெடு மேலும் 12 மாதம்வரை நீளும். அளவெடுத்துத் தைத்த சட்டைக்கு மட்டும் இது பொருந்தாது. இதை எத்தனை விற்பனையாளர்கள் அறிவார்கள்? அறிந்தால் ஒரு வாடிக்கையாளரோடு சண்டை பிடிக்கும் முன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

லாச்சப்பலிலும் ஈஸ்ட்ஹாமிலும் ஸ்காபரோவிலும் கடை வைத்திருப்பவர்களின் ஆத்திரம் புரிகிறது. வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம், வற் வரி எல்லாம் கட்டி ஒரு சேலையைத் தொங்கவிட்டால், வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்து, படம் எடுத்து, நேரலை அக்காவிடம் அனுப்பி, "இதே மாதிரி இருக்கோ?" என்று கேட்கிறார். ஆனாலும் இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். காசாகத் தந்தால் ஒரு விலை, சிட்டை வேண்டுமென்றால் வேறு விலை என்று வாடிக்கையாளரைப் பழக்கியதில் நமது கடைகளுக்கும் பங்கு உண்டு.

சிட்டையின் பெறுமதி பயணத்தில்தான் தெரியும். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரித்தானியாவில் வசிப்பவர்கள் பாரிசில், இத்திட்டத்தில் சேர்ந்த ஒரு கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வற் வரியைத் திரும்பப் பெற முடியும். மறுபக்கம், பாரிசிலிருந்து லண்டனுக்குக் கொள்வனவுக்கு வரும் உறவினர்களுக்கு அந்த வசதி இல்லை; 2021 தொடக்கத்தில் பிரித்தானியா அதை எடுத்துவிட்டது.

வீட்டு வியாபாரிகள் பதிவு செய்யத் தயங்குவதற்கு வரியைவிடப் பெரிய காரணம் பயம். பதிந்தால் அரச உதவிப்பணம் நின்றுவிடுமோ என்ற கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. பிரித்தானியாவில் ஆண்டு விற்பனைத் தொகை 1,000 பவுண்டைத் தாண்டினால் வருமான வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இலாபம் அல்ல, விற்பனைத் தொகை. பத்துப் பன்னிரண்டு நல்ல சாறி விற்றாலே அது தாண்டிவிடும். ஆனால் அறிவிப்பது வேறு, வரி கட்டுவது வேறு. மொத்த வருமானம் 12,570 பவுண்டுக்குள் இருந்தால் வருமான வரியே வராது. வற் வரிக்குப் பதிய வேண்டிய எல்லையோ 90,000 பவுண்ட். உதவிப்பணம் பெறுபவர் வருமானத்தைச் சொன்னால் தொகை குறையலாம். சொல்லாமல் பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், தண்டமும் வரலாம். நமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுவிழா மேடையில் செலவழிக்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒரு கணக்காளருக்குக் கொடுத்தால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

2025 யூலை 24 இல் இந்தியாவும் பிரித்தானியாவும் கையெழுத்திட்ட வர்த்தக உடன்படிக்கை இந்திய நெசவுப் பொருட்களுக்கான சுங்க வரியை நீக்குகிறது. இலங்கைப் பொருட்களுக்கு வளர்முக நாடுகளுக்கான திட்டத்தின் கீழ் ஏற்கெனவே சலுகை உண்டு. இறக்குமதியில் 20 வீத வற் வரி இருக்கத்தான் செய்யும். ஆனால் சுங்கச் சலுகையைக் கேட்க, அந்தச் சேலை எங்கே உற்பத்தியானது என்பதற்கான ஆவணம் பொதுவாக வேண்டும். நான்கைந்து நேரலை அக்காமார் சேர்ந்து காஞ்சிபுரத்திலிருந்து ஒரே சரக்காக, விலைச்சிட்டையோடும் உற்பத்திச் சான்றோடும் இறக்கினால் அது கிடைக்கும். உடுப்புகளுக்கு நடுவே சுருட்டி வந்த பதினைந்து சாறிக்குக் கிடைக்காது.