சாச்சியின் குளிசையை நிறுத்தியது யார்?



இந்தப் பதிவைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெண்கள் விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். பரவாயில்லை, வாசித்துவிட்டுச் சுளியுங்கள். உங்கள் வீட்டிலும் ஐம்பதைத் தாண்டிய ஒரு உம்மாவோ, மாமியோ, ராத்தாவோ இருப்பார்.

போன மாதம் சாச்சியைப் பார்க்கப் போனேன். அவருக்கு வயது 54. மாதவிடாய் நின்ற புதிதில் இரவில் இரண்டு மூன்று முறை உடம்பு தீயாய் எரிந்து, வியர்வையில் நனைந்து எழும்புவார். நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. டொக்டர் பரிசோதித்துவிட்டு ஹோர்மோன் குளிசை எழுதிக் கொடுத்தார். மூன்று வருடமாக நன்றாக இருந்தார். அன்று பார்த்தால் கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடக்கிறது.

"என்ன சாச்சி, சுகமில்லையா?"

"குளிசைய நிப்பாட்டிட்டன் மகள். ரெண்டு கிழமையா தூக்கமே இல்ல."

"டொக்டரா நிப்பாட்டச் சொன்ன?"

"இல்ல மகள். குரூப்புல ஒரு வொயிஸ் வந்திச்சி. அதப் போட்டா மார்புல கென்சர் வருமாம். சாச்சாவும் கேட்டுட்டு, இனிமே போடாத என்டுட்டார்."

வொயிஸில் பேசியவர் யார்? தெரியாது. சாச்சியின் வயது, அவருடைய பிரஷர், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா, கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா, எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது. ஆனால் சாச்சியின் மருந்தை நிறுத்துகிற அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

நான் டொக்டர் இல்லை. கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு வந்த கணித ஆசிரியை. அதனால் கணக்கை மட்டும் பேசுகிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 2002 இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்விலிருந்து. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் இரண்டும் கலந்த குளிசையை 50 முதல் 79 வயது வரையான பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 16,608 பேர், சராசரி வயது 63. ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். "மார்புப் புற்றுநோய் 26 வீதம் கூடுகிறது" என்று உலகமெல்லாம் செய்தி போனது. இலட்சக்கணக்கான பெண்கள் குளிசையைத் தூக்கி எறிந்தார்கள்.

26 வீதம் என்றதும் நம்மவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள்? நூறு பேர் போட்டால் 26 பேருக்குப் புற்றுநோய் என்று! அந்த ஆய்வின் கணக்கு இதுதான்: குளிசை போடாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 30 பேருக்கு மார்புப் புற்றுநோய் வந்தது. போட்ட 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. கூடியது 8 பேர். முப்பதில் எட்டு என்பதைச் சதவீதமாக்கினால் 26 ஐச் சற்றுத் தாண்டும். எதன் சதவீதம் என்று கேட்காமல் விடை எழுதும் பிள்ளைக்கு நான் புள்ளி போடுவதில்லை. வொயிஸ் அனுப்பியவருக்கும் போட முடியாது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் இன்னொரு வொயிஸ்தான். அந்த எட்டுப் பேரும் எட்டுக் குடும்பம். கால் நரம்பில் இரத்தம் உறைதல், பாரிசவாதம் ஆகியவையும் அதே ஆய்வில் சற்றுக் கூடியிருந்தன. பல வருடம் தொடர்ந்து போடப் போட மார்புப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. 2019 இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, 50 வயதிலிருந்து ஐந்து வருடம் கலப்புக் குளிசையைத் தினமும் போடும் ஏறத்தாழ 50 பெண்களில் ஒருவருக்கு, அடுத்த இருபது வருடங்களுக்குள் மேலதிகமாக மார்புப் புற்றுநோய் வரலாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் போடுபவர்களில் அது ஏறத்தாழ 200 பேரில் ஒருவர். ஆளுக்கு ஆள், மருந்துக்கு மருந்து கணக்கு வேறு. அப்படியிருக்க ஊருக்கே ஒரு வொயிஸ் எப்படிப் பொருந்தும்?

ஒரு ராத்தாவுக்கு நாற்பது வயதிலேயே ஒப்பரேஷன் செய்து சூலகம் இரண்டையும் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 51 வயதளவில் இயற்கையாக நிற்க வேண்டியது சுமார் பதினொரு வருடம் முந்தி நின்றுவிட்டது. அவர் குளிசை போடுவது எலும்பையும் இருதயத்தையும் காப்பாற்ற. பொதுவாக இயற்கையாக நிற்கும் வயது வரையாவது தொடரச் சொல்கிறார்கள். அவரிடம் போய் "இந்த வயசுல என்னத்துக்கு ஹோர்மோன்?" என்று சிரிக்கிறோமே, நாளைக்கு அவர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தால் நாமா தூக்கிப் பார்க்கப் போகிறோம்?

இன்னொரு சங்கடம். சில வகைக் குளிசைக்கு மாதாமாதம் மறுபடி இரத்தம் வரும். "தொழுகை, நோன்பெல்லாம் குழம்புது" என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஐயா, அதை அந்த டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தம் வராத மாதிரித் தினமும் போடும் வகையும் இருக்கிறது, உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார். வெட்கப்பட்டு நாம் விழுங்கும் கேள்விகள்தான் நமக்கு நோயாக வந்து நிற்கின்றன.

இனி மற்றப் பக்கம். எனக்குத் தெரிந்த ஒரு உம்மா எட்டு வருடத்துக்கு முந்திய துண்டைக் காட்டிப் பாமசியில் குளிசை வாங்கிக்கொண்டே இருக்கிறார். பிரஷர் பார்ப்பதில்லை, மார்பைப் பரிசோதிப்பதில்லை, இன்னும் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. பயந்து நிறுத்துவது ஒரு பிழை என்றால், யோசிக்காமல் தொடர்வதும் அதே பிழைதான். இரண்டிலும் அந்தப் பெண் முடிவெடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது டொக்டரிடம் போய் "நான் தொடரவா, குறைக்கவா, நிறுத்தவா?" என்று கேட்க வேண்டும்.

சரி, நிறுத்துவதென்றால் எப்படி? 2015 இல் பிரித்தானியா வெளியிட்ட வழிகாட்டி இரண்டு வழியையும் பெண்ணிடமே விடுகிறது. ஒரேயடியாக நிறுத்தலாம், சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்தும் நிறுத்தலாம். படிப்படியாகக் குறைத்தால் வெக்கையும் வியர்வையும் திரும்பி வருவது ஆரம்பத்தில் குறைவாக இருக்கலாம். நீண்ட காலத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று நான் பயங்காட்ட மாட்டேன். ஆனால் சாச்சிக்கு நடந்த மாதிரிப் பழைய கஷ்டம் திரும்பலாம் என்பதை முந்தியே தெரிந்துகொண்டு நிறுத்துவது வேறு, தெரியாமல் நிறுத்திவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பது வேறு.

சில விஷயங்களில் சொந்தப் புத்தி வேண்டாம். கர்ப்பப்பை உள்ளவர் இரண்டு மருந்து போடுகிறார் என்றால், புரொஜெஸ்டினை மட்டும் விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடரக் கூடாது. கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும் ஆபத்து அதில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எதிர்பாராமல் இரத்தம் கண்டால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், குறைத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசையை நிறுத்திய பிறகு எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பும் குறைந்துகொண்டு போகும். அதற்கு என்ன செய்வது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

சாச்சாமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிரஷர் குளிசையை யாராவது வொயிஸ் கேட்டு நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? மாட்டீர்கள். கொழும்பு வரைக்கும் போய் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்ப்பீர்கள். மனைவியின் குளிசைக்கு மட்டும் ஏன் வட்ஸ்அப் போதுமாகிறது? அவர் தூங்காமல் எழும்பிச் சமைத்துத் தரும் சாப்பாட்டைத்தானே சாப்பிடுகிறீர்கள்? முடிவை நீங்கள் எடுக்க வேண்டாம். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே வாங்கில் இருந்து காத்திருங்கள், அது போதும்.

சாச்சியை நான் கூட்டிக்கொண்டு போனேன். கேள்விகளை என் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டுதான் போனார். டொக்டர் மார்பைப் பரிசோதித்து, பிரஷர் பார்த்து, குடும்ப வரலாறு கேட்டு, இரண்டு வழியையும் சொன்னார். "எனக்கு நிறுத்தத்தான் விருப்பம், ஆனா மெதுவா" என்றார் சாச்சி. குறைந்த அளவில் மறுபடி தொடங்கி, படிப்படியாகக் குறைக்கிறார். சில இரவு வியர்க்கிறது, சமாளிக்கிறார், தூங்குகிறார்.

கடைசியில் குளிசை நிற்கத்தான் போகிறது. ஆனால் இந்த முறை நிறுத்துவது சாச்சி.

அந்த வொயிஸ் உங்கள் குரூப்புக்கும் வந்தால் அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை பேரில் எத்தனை பேர்?" பதில் தெரியாவிட்டால் தயவு செய்து அடுத்த குரூப்புக்கு அனுப்ப வேண்டாம்.