சட்டை மாற்றிய கம்ப்யூட்டர்

போன மாதம் ஒரு நாள் காலையில், பால் காய்ச்சக்கூட விடாமல் எதிர் வீட்டுப் பெரியம்மா ஓடி வந்தாள். கையில் டெலிபோன். "ஏ பிள்ளை, இதைப் பாரேன். ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. காலையில மூஞ்சியே மாறிப் போச்சு!" என்றாள்.

பெரியம்மாவின் மகனுக்குச் சரக்குக் கப்பலில் உத்தியோகம். துறைமுகம் நெருங்கினால்தான் கூப்பிடுவான். அன்று விடியற்காலையில் கூப்பிட்டிருக்கிறான். பெரியம்மாவுக்குப் படிக்க வராது. பச்சை வட்டத்தை மேலே தள்ளினால் பையன் குரல் கேட்கும், அவ்வளவுதான் தெரியும். இரவோடு இரவாகக் கம்பெனிக்காரர்கள் 'புதுப்பித்து' விட்டதில், மேலே தள்ள வேண்டியது பக்கவாட்டில் தள்ள வேண்டியதாகிவிட்டது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கப்பலும் கிளம்பிவிட்டது.

"பழைய மூஞ்சியை வாங்கிக் குடு" என்கிறாள் பெரியம்மா. எந்தக் கடையில் போய் வாங்குவது?

ஒரு காலத்தில் வாங்கியிருக்கலாம். வாங்குவதென்ன, நாமே தைத்துக்கொண்டிருக்கலாம்! 1997-ல் வின்ஆம்ப் என்று பாட்டுக் கேட்கும் ஸாப்ட்வேர் ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஜஸ்டின் பிராங்கல் என்ற பையன் எழுதியது. அதன் வெளித்தோற்றத்தை இஷ்டம்போல் மாற்றலாம். இங்கிலீஷில் இதற்கு 'ஸ்கின்', அதாவது தோல் என்று பெயர். எனக்கென்னவோ சட்டை என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. சில படங்களை வரைந்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் போதும், புதுச் சட்டை தயார். என் தம்பி லீவு நாளில் உட்கார்ந்து, பனிமய மாதா கோயில் தங்கத் தேரை அந்தத் தீப்பெட்டி அகலத்துக்குள் வரைந்துவிட்டான். தேர்ச் சக்கரத்தைத் தொட்டால் பாட்டு நிற்கும்! இப்படி உலகமெங்கும் பேர் தெரியாத பிள்ளைகள் தைத்த சட்டைகளில் 65,000-க்கும் மேல் சேகரித்து, இன்டர்நெட்டில் ஒரு மியூசியமே வைத்திருக்கிறார்கள்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி என்று மூன்று நிறம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே பெட்டியில் ஆளுக்கொரு நிறம். யாருடைய நிறம் திரையில் இருக்கிறதோ, அவர்தான் கடைசியாக உட்கார்ந்தவர் என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். டெலிபோனிலும் அப்படித்தான். நோக்கியா 5110-க்கு மூடி மாற்றலாம். கடைத் தெருவில் ரிப்பனும் வளையலும் விற்கிற இடத்தில் அந்த மூடிகளும் தொங்கின. நோக்கியா 2006-ல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை வைத்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி அதையும் நிறுத்திவிட்டார்கள். அது வேறு சோகக் கதை.

சட்டைகள் ஏன் போயின? காரணம் சொல்லாமல் இல்லை. புள்ளி புள்ளியாக வரைந்த படம் இன்றைய நுணுக்கமான திரையில் தபால்தலையாகச் சுருங்கிவிடும், பெரிதாக்கினால் மங்கும். உள்ளே ஓர் ஆணி மாறினாலும் சட்டை கிழியும். பயர்பாக்ஸ்காரர்கள் முழுச் சட்டைகளுக்கு 2017 நவம்பரில் விடை கொடுத்ததும் பெரும்பாலும் இந்தத் தொல்லையால்தான். உதவி கேட்டு டெலிபோன் செய்கிறவரிடம் "நீலப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்ல வேண்டுமானால், எல்லார் வீட்டிலும் அது நீலமாக இருக்க வேண்டுமே! இவையெல்லாம் நியாயந்தான். ஆனால், தூரத்திலிருந்து பார்த்தாலே எங்கள் சரக்கு என்று தெரியவேண்டும் என்று கம்பெனிகள் நினைக்கின்றனவே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காசு கொடுத்து வாங்கியவள் பெரியம்மா.

நம் கடற்கரையிலும் நிறத்துக்குச் சட்டம் வந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின், எந்த மாநிலத்துப் படகு என்று கடலில் பார்த்ததும் தெரிவதற்காக, மீன்பிடி படகுகளுக்கு மாநிலவாரியாக நிறம் வகுத்தார்கள். அங்கே காவல் என்கிற காரணம் இருக்கிறது. பெரியம்மாவின் பச்சை வட்டத்தால் யாருக்கு என்ன ஆபத்து?

அடியோடு எல்லாம் போய்விடவில்லை. 2019 முதல் டெலிபோன்களில் கறுப்புத் திரை பொதுவாகிவிட்டது. 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12, நாம் வைக்கும் படத்திலிருந்தே நிறம் எடுத்துக்கொள்கிறது. ஸெட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கலாம், அழுத்தமாகத் தெரியும்படி செய்யலாம். கண்புரை உள்ள மாமியார் வீட்டில் இருந்தால் இன்றைக்கே செய்து கொடுங்கள். ஆனால் எது எங்கே இருக்க வேண்டும், எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதில் பெரும்பாலும் நம் பேச்சு எடுபடாது.

பெரியம்மாவின் டெலிபோனில் எழுத்தைப் பெரிதாக்கினேன். மகனின் போட்டோவை முகப்பில் வைத்து, தொட்டாலே அவனுக்குப் போகும்படி செய்தேன். பிறகு அவளைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து நானே மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். முதல் நாலு தரமும் மேலேதான் தள்ளினாள். ஒன்பதாவது தரம் பக்கவாட்டில் சரியாகத் தள்ளி, கூப்பிட்டது நான்தான் என்று தெரிந்தும், "என்ன ராசா, சாப்ட்டியா?" என்றாள்.